பேர் மட்டும் போதும்

நாற்பத்தேழாவது பெண் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கினாள். தவமலருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் மேல் வந்த கோபமல்ல அது. இருபது, இருபத்தொரு வயதிருக்கும். சண்டை முடிந்தபோது பால்பல் விழுந்திருக்காது. இவ்வளவு அளவாகக் கையைத் தூக்கவும், விரல்களை விரித்து வைக்கவும், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளவும் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாயைப் பார்த்துப் பழகியிருப்பாள். தாய் எங்கே பழகினாள் என்பது தவமலருக்குத் தெரியும். கழுத்து, தோள், கக்கம், இடுப்பு, தொடையின் வெளிப்புறம். உள்ளங்கை படக்கூடாது, புறங்கையால்தான் தடவ வேண்டும், அது கொம்பனிச் சட்டம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூட வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு செக்கன். போ பிள்ளை. நாற்பத்தெட்டு. ஆறே முக்காலுக்கும் ஏழே காலுக்கும் இடையில் இந்தத் தகரக் கூட்டுக்குள்ளால் நூற்றைம்பது பெண்களும் பக்கத்துக் கூட்டுக்குள்ளால் இன்னொரு நூற்றைம்பது பெண்களும் போய்த் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும், எங்கோ தூர தேசத்தில் ஒரு சீமாட்டி உள்ளாடை இல்லாமல் தெருவில் நிற்கிறாள் என்பது போல சுப்பர்வைசர்மார் பதறுவார்கள். நாற்பத்தொன்பது. இவளும் கையைத் தூக்குகிறாள். தூக்காதே பிள்ளை என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா தவமலர்? சொன்னால் எப்படிச் சோதிப்பது. சோதிக்காவிட்டால் எப்படிச் சம்பளம். ஐம்பது. சோதிக்கிற கை சோதித்துக்கொண்டே இருந்தது, தலை மட்டும் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. இன்று இந்த முன்னூறு பேரில் ஒருத்தி ஒரு கடதாசி கொண்டு வருகிறாள். உள்ளே கையெழுத்து வாங்குவதற்கான கடதாசி. தவமலர் அதைப் பறிக்க வேண்டியதில்லை, கத்த வேண்டியதில்லை. காவலுக்குப் பொறுப்பான ஓஐசி பண்டார காலையிலேயே அழகாகச் சொல்லிவிட்டான். "எடுக்க வேணாம் அக்கா. சண்டை வேணாம். யார் எண்டு புத்தகத்தில எழுதுங்க. பேர் மட்டும் போதும்."

பேர் மட்டும் போதும். பண்டார கெட்டவன் இல்லை, அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். முன்பு ஆமியில் இருந்தவன், இந்த ஊரில் காவல் நின்றே தமிழ் பழகியவன். தவமலரின் மகளுக்குக் காய்ச்சல் என்றபோது வீட்டுக்குப் போகச் சொல்லி, தானே பதில் ஆள் போட்டவன். எல்லாரையும் அக்கா என்பான். இப்போது எல்லாமே அப்படித்தான், எல்லாரும் மரியாதை. ஆட்சி மாறியது, பயங்காட்டுகிற முகங்கள் சுவரொட்டியிலிருந்து இறங்கின, சிரிக்கிற முகங்கள் ஏறின. சந்தியிலிருந்த சோதனைச் சாவடியைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தக் காணியைச் சுற்றியிருந்த முள்ளுக்கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டு, பளபளவென்ற வலைக்கம்பி அடித்துக் கடதாசிப்பூ நட்டார்கள். உள்ளே இருந்த முகாம் போய்த் தையல் பக்ரறி வந்தது. முகாமில் பெரியவராக இருந்த மேஜர் ஓய்வு பெற்றுப் போய்க் காவல் கொம்பனி தொடங்கினார். பக்ரறிக்குக் காவல் அந்தக் கொம்பனிதான். அதே வாசல், அதே வேப்பமரம், ஆனால் இப்போது வாசலில் நிற்பது தவமலர். பயிற்சி வகுப்பில் மேஜர் சேர் சுவரில் படம் காட்டிச் சொன்னார், முதலீட்டாளருக்கு மனதில் பயம் வரக்கூடாது, நீங்கள்தான் அந்த நம்பிக்கை என்று. தவமலருக்கு அப்போது சிரிப்பு வந்தது. முப்பது வருசம் பயந்தவர்கள் நாங்கள், இப்போது பயப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு யாரையோ. அறுபத்துமூன்று. இவளுடைய பெட்டியில் புட்டும் முட்டைப்பொரியலும். நல்ல மணம். இன்று தவமலர் சாப்பிடவில்லை.

இன்றைக்கும் பஸ்ஸில் அது நடந்தது. சந்தி வந்ததும் சாரதி வேகத்தைக் குறைத்தார், குறைக்க ஒரு காரணமும் இல்லை, சாவடி போய்ப் பத்து வருசமாகிறது. பஸ்ஸில் பாதிப்பேர் பையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். தவமலரின் கை சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்தே விட்டது. முன்சீட்டில் இருந்த ஒரு மனுசி எழும்பி இறங்கும் வாசலுக்குப் போய், இறங்கி நடக்க ஆயத்தமாக நின்றாள். கொண்டக்டர் பொடியன் சிரித்தான். "அம்மா, இஞ்ச ஒருத்தரும் இறங்கிறேல்லை, இருங்கோ." அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து இருந்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. போன மாதம் பட்டினத்துக் கண்ணாடிக் கடைக்கு மகளோடு போனபோது, வாசலில் நின்ற காவற்காரன் வணக்கம் சொல்லக் கையெடுத்தான், தவமலர் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். அவளே சீருடை போடுகிற ஆள், அவளே தூக்கிவிட்டாள். "அம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். பிறகு ஐஸ்கிறீம் குடித்து முடியும்வரை கதைக்கவில்லை. பிள்ளை இப்போது கம்பஸில் இரண்டாம் வருசம். வேலை நிரந்தரமானதற்குக் கடிதம் கிடைத்தால் வங்கியில் படிப்புக்கடன் கேட்கலாம். கடிதம் பண்டாரவின் மேசையில் கிடக்கிறது, நீல உறைக்குள், தவமலர் கண்ணால் கண்டாள். ஏழே காலுக்குப் புத்தகம், எட்டு மணிக்குக் கடிதம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பிருக்கிறது என்று பண்டார சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? எழுபத்தேழு. எழுபத்தெட்டு. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு குத்துகிறது. காவற்பெண்கள் கதிரையில் இருக்கக்கூடாது, இருந்தால் கமராவில் நித்திரை போலத் தெரியுமாம். ஏழு வருசமாக நிற்கிறாள். நின்றபடியே மாதவிலக்கு நின்றது, நின்றபடியே தலை நரைத்தது.

புறங்கையால் தடவும்போதெல்லாம் தவமலருக்கு உள்ளங்கை கூசும். இந்த வலது உள்ளங்கைதான். அதை வைத்து அவள் தன் தம்பியின் முதுகில் தள்ளினாள். மெல்லத்தான் தள்ளினாள். சண்டையின் கடைசி நாள், பாலத்தடியில் வெயில் கொளுத்தியது, சனம் முழங்காலளவு தண்ணீரிலும் சேற்றிலுமாக வந்து ஏறிக்கொண்டிருந்தது, ஆமியின் ஒலிபெருக்கியில் ஒருவன் நல்ல தமிழில், கோயில் திருவிழாவில் அறிவிப்பது போல நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இயக்கத்தில் ஒரே ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பேரைப் பதியுங்கள், பேர் மட்டும் போதும், சின்ன விசாரணை, விட்டுவிடுவோம். இயக்கம் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தது பதினேழு நாள். பதினேழு நாளும் பங்கர் வெட்டினான், பதினெட்டாம் நாள் ஓடி வந்துவிட்டான். "பேசாமல் சனத்தோட போவம் அக்கா, ஆருக்குத் தெரியப்போகுது" என்றான். அவன் சொன்னதுதான் சரி. தவமலர்தான் மறித்தாள். "பிறகு ஆரும் காட்டிக் குடுத்தா என்ன செய்வாய்? பதிஞ்சிட்டு வா. பேர்தானே கேக்கினம்." அவன் இரண்டடி நடந்து திரும்பினான். "எந்தப் பேரைக் குடுக்கிறது?" என்று கேட்டான். வீட்டில் அவன் சின்னவன், ஊரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிட்டது, யசோதரன் என்பது பள்ளிக்கூட இடாப்பில் மட்டும் இருந்த பேர். "பிறப்புப் பத்திரத்தில இருக்கிற பேரைக் குடு. ஒளிக்காத" என்று சொல்லி முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த ஈரம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால் சொல்வதில்லை. மேசைக்கு முன்னால் வரிசை, வரிசையில் அவன், அவனுடைய கழுத்து, அவனுக்கு முன்னால் நின்ற குடைக்காரக் கிழவன், பிறகு அவனை ஏற்றிக்கொண்டு போன பச்சை நிறப் பஸ். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டா தொண்ணூற்றுமூன்றா? எண்ணிக்கை தவறிவிட்டது. எண்ணிக்கை எதற்கு, வாசலில் கமரா எண்ணுகிறது.

அவள் செய்த பிழை அவனைப் பதியச் சொன்னதல்ல என்று சில நாட்களில் தோன்றும். அன்றைக்கு அந்தப் பாலத்தடியில் எத்தனையோ தாய்மார் அதைத்தான் சொன்னார்கள், பெஞ்சாதிமார் சொன்னார்கள், ஒரு சாமியார் கூடச் சொன்னார். பிழை வேறு. வாழ்நாள் முழுக்கத் துண்டுச்சீட்டு வாங்கிப் பழகிய சனம் நாங்கள். அரிசிக்குத் துண்டு, மண்ணெண்ணெய்க்குத் துண்டு, வவுனியாவுக்குப் போய் வரத் துண்டு, துண்டில்லாமல் விதானையார் வீட்டுப் படலையைக் கூடத் திறக்கமாட்டோம். அன்றைக்கு ஒரு தம்பியைக் கொடுத்துவிட்டு, பேர் பதிந்ததற்கு ஒரு துண்டு தாருங்கள் என்று கேட்க மறந்துவிட்டாள். அவர்களே பேர் கேட்கிறார்கள், அவர்களே எழுதுகிறார்கள், கொப்பி பெரிய கொப்பி, மட்டை போட்ட கொப்பி, இனி என்ன என்று நினைத்தாள். பிறகு போகாத கந்தோர் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி, பதிந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? ஆட்சி மாறிய பிறகு காணாமல் போனவர்களுக்கென்று வந்த ஆணைக்குழு நல்ல ஆணைக்குழு. தேத்தண்ணி தந்தார்கள், மின்விசிறியைத் தவமலரின் பக்கம் திருப்பி வைத்தார்கள், மொழிபெயர்க்க வந்த பெண் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்த ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் மரியாதையாக, "அப்படி ஒரு பேர் எங்கட பதிவுகளில இல்லையம்மா" என்றார். பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற பேர். ஒளிக்காமல் கொடுத்த பேர். கொப்பியில் ஏறுகிற பேர் எங்கே போகிறதென்று அன்றிலிருந்து தவமலருக்குத் தெரியாது. இன்றைக்கு வேறொருத்தியின் பேரைத் தன் கையாலே ஒரு கொப்பியில் ஏற்றச் சொல்கிறார்கள். ஒரு தங்கச்சியின் பேரை, ஒரு மகளின் பேரை. எழுதினால் என்ன நடக்கும், வேலை போகும், வேறென்ன, பஸ்ஸா வரப்போகிறது? அப்படித்தான் அன்றும் நினைத்தாய். நூற்றுப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். எழுதப்போவதில்லை. அந்த முடிவு எப்போது வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது.

அடுத்து வந்தவள் சுகிர்தா. இரண்டாம் லைனில் காலர் தைப்பவள், எப்போதும் ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டு வருபவள், "அக்கா, இண்டைக்கு கிச்சுக் காட்டாதேங்கோ" என்பாள். இன்று பகிடி இல்லை. கையையும் தூக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொண்டு தவமலரின் கண்ணைப் பார்த்தாள். கழுத்து, தோள், கக்கம், இடுப்பு. இடுப்பில் சரசரத்தது. தவமலரின் புறங்கை அந்த இடத்தில் நின்றது. எழுதவில்லை, கண்டுகொள்ளவில்லை, போ என்று தள்ளிவிட்டால் முடிந்தது, அவள் நினைத்ததும் அதுதான். ஆனால் சுகிர்தா போகவில்லை. "கை பட்டிட்டுது என்ன," என்றாள் மெல்ல. "பறிக்கிறதெண்டாப் பறியுங்கோ. ஆனா வாசிச்சிட்டுப் பறியுங்கோ அக்கா." இடுப்பிலிருந்து எடுத்து விரித்து நீட்டினாள், சாப்பாடு கட்டுகிற பொலித்தீன் தாளுக்குள் மடித்து வைத்த ஒரு கொப்பித்தாள். வாசிக்கிற நேரமா இது? வெளியே வரிசை சத்தம் போடத் தொடங்கியிருந்தது. தவமலர் வாசித்தாள். நல்ல உருண்டைக் கையெழுத்து. கழிவறைக்குப் போக அட்டை வாங்கும் முறையை நிறுத்த வேண்டும். காய்ச்சல் நாளை வராத நாளாகக் கணக்கிடக்கூடாது. இரவில் விடும் பஸ் சந்தியோடு நிற்காமல் ஊருக்குள் வர வேண்டும். நாலாவது, வாசலில் எங்களைச் சோதிக்கும் ஆறு பெண்களும் எட்டு மணித்தியாலமும் நின்றபடி வேலை செய்கிறார்கள், அவர்கள் இருக்க ஆளுக்கொரு கதிரை போட வேண்டும். தவமலர் நாலாவதை இன்னொருமுறை வாசித்தாள். எழுத்துகள் கலங்கின. ஏழு வருசமாக இந்தப் பிள்ளைகளின் இடுப்பையும் தொடையையும் தடவிக்கொண்டு நிற்கிறாள், ஒவ்வொருத்தியும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்திருந்தாள், திட்டியிருந்தால் அது நியாயம்தான். இவர்கள் அவளுடைய காலைப் பார்த்திருக்கிறார்கள். கெண்டைக்காலில் சுருண்ட நரம்பைப் பார்த்திருக்கிறார்கள். அழுகை வந்தது, அடக்கினாள், அடக்கியது பாதிதான் அடங்கியது. தாளைப் பொலித்தீனுக்குள் மடித்து, தன் கையாலே சுகிர்தாவின் இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டாள். புறங்கையால் அல்ல. "வடிவாச் செருகு பிள்ளை, உள்ள சுப்பர்வைசர் நிப்பான். போ." சுகிர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போவெண்டுறன்!" என்று தவமலர் அதட்டினாள், வெளியே வரிசைக்குக் கேட்கட்டும் என்று.

மிச்சமிருந்த முப்பது நாற்பது பேரையும் அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. கை ஓடியது. மனம் மகள் என்ன சொல்லுவாள் என்று ஓடியது, என்னம்மா செய்துபோட்டு வந்திருக்கிறாய் என்பாளோ, இல்லை, கண்ணாடிக் கடையில் பல்லைக் கடித்தவள் இதற்குப் பல்லைக் கடிக்கமாட்டாள். கடன் இல்லாவிட்டால் வேறொரு வழி பார்க்கலாம். தையல் தெரியும். கையும் காலும் இருக்கிறது. பயம் இல்லையென்றில்லை. பயம் அப்படியே இருந்தது, பஸ் சந்தியில் வேகம் குறையும்போது வருகிற அதே பயம், ஆனால் இந்தமுறை அது அவளை எழுப்பிப் பையைத் தூக்க வைக்கவில்லை. கடைசிப் பெண்ணும் போனாள். ஏழு பதினேழு. தவமலர் திரையைக் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பண்டாரவின் சிறு அறைக்குப் போனாள். உள்ளே மேசை, மேசையில் நீல உறை, கமராப் படம் ஓடுகிற தொலைக்காட்சி, முதலீட்டாளர் யாரும் வந்தால் இருக்கவென்று ஒரு சிவப்புக் கதிரை. பண்டார கதிரையைக் காட்டவில்லை, அவனும் நின்றுகொண்டுதான் இருந்தான். "கமராவில பாத்தது அக்கா," என்றான், குரலில் கோபமில்லை. "உங்கட பக்கம் ரெண்டு நிமிசம் லைன் நிண்டது. அப்ப கடதாசி அங்க. எந்தப் பிள்ளை? கமராவில தலை மட்டும் தெரியுது, திரைக்குப் பின்னால எனக்குத் தெரியாது. மேஜர் சேர் கேக்கிறார். நீங்க எழுதுங்க, நான் இதைக் குடுக்கிறது." நீல உறையை ஒரு விரலால் தவமலரின் பக்கம் தள்ளினான். "பேர் மட்டும் போதும்."

தவமலர் மேசையில் கிடந்த பேனையை எடுத்தாள். திகதி எழுதினாள். நேரம், ஏழு மணி எட்டு நிமிடம். கண்ட பொருள் என்ற இடத்தில், கடதாசி ஒன்று என்று எழுதினாள். பேர் என்ற இடத்தில் எழுத்துக்கூட்டி, அவசரப்படாமல், தகப்பன் பேரையும் சேர்த்து எழுதிப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். பண்டார தமிழை எழுத்துக்கு எழுத்தாகத்தான் வாசிப்பான். உதடு அசைந்தது, பிறகு நின்றது.

"அக்கா, இது உங்கட பேர்."

"ஓம் சேர். பிறப்புப் பத்திரத்தில இருக்கிற பேர்."

"விளையாட வேணாம். கொண்டு போன பிள்ளை பேர்."

"கடதாசி போனது என்ர கூட்டுக்குள்ளால. கையில பிடிச்சுப் பாத்திட்டு விட்டது நான். வேற பேர் என்னட்ட இல்லை."

பண்டார அவளையும் உறையையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கவலைதான், அதைத் தவமலர் மறுக்கவில்லை. "இது மேஜர் சேர் கிட்ட போனா நாளைக்கு வேலை இல்ல அக்கா. நான் ஒண்டும் செய்ய ஏலாது. கிழிச்சுப் போடவா? வேற பக்கத்தில எழுதுங்க."

"கிழிக்கக் கூடாது!" தவமலரின் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. பதினைந்து வருசம் கிடந்த குரல். அவள் சிவப்புக் கதிரையை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டாள். கமரா பார்க்கட்டும். இருந்தாள். கெண்டைக்கால் நரம்பு முதலில் நம்பாமல் இழுத்தது, பிறகு விட்டது.

"அனுப்புங்கோ சேர், ஆருக்கெண்டாலும் அனுப்புங்கோ. ஆனா முதல்ல, பேர் பதிஞ்சதுக்கு எனக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. திகதி, நேரம், ஆர் பதிஞ்சது, எந்தப் புத்தகம், எத்தினையாம் பக்கம். கீழ உங்கட கையொப்பம். துண்டில்லாமல் நான் இதை விட்டு எழும்பமாட்டன்."

உள்ளே முன்னூறு மெசின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின. பண்டார ஒரு வெற்றுத்தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பேனையைத் தேடினான். பேனை தவமலரின் கையில் இருந்தது. அவள் நீட்டினாள்.